ஹேவ்: தமிழில் இல்லாத ஒரு வினைச்சொல்லைக் கையாள முழுமையான வழிகாட்டி

"எனக்கு இரண்டு தம்பி." தமிழில் இது முழு வாக்கியம். வினைச்சொல்லே கிடையாது. வேண்டுமானால் கடைசியில் "இருக்கிறார்கள்" என்று சேர்க்கலாம். அப்போதும் இருப்பவர்கள் தம்பிகள்தான். "நான்" எதையும் செய்யவில்லை. இதையே ஆங்கிலத்தில் சொல்லப்போனால் "ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்" என்று "நான்" எழுவாயாகி முன்னே வந்து நிற்கிறது, தம்பிகள் செயப்படுபொருளாகிவிடுகிறார்கள். வாக்கியம் அடியோடு திரும்பிவிட்டது.

ஹேவ் என்பதற்கு நேரான அன்றாடத் தமிழ் வினை இல்லை. "உடைய", "கொண்ட", "பெற்ற" எல்லாம் எழுத்து நடையில் உண்டு. ஆனால் "நான் இரண்டு தம்பிகளைக் கொண்டிருக்கிறேன்" என்று யாரும் பேசுவதில்லை. மோசமான மொழிபெயர்ப்பில்தான் அதைப் பார்க்கலாம். ஆகவே ஹேவ் என்றால் தமிழில் என்ன என்று தேடிக்கொண்டிருப்பது வீண். தமிழ் வாக்கியத்தில் எந்த உருபு, எந்தத் துணைவினை வரும்போது ஆங்கிலத்தில் ஹேவ் வரும் என்று பார்ப்பதுதான் வழி. "கு", "இடம்", "இருக்கிறேன்", "வேண்டும்", "தைக்கக் கொடுத்தேன்" என்று நாம் தினமும் பேசும் சில அமைப்புகளுக்குள்தான் ஹேவ் முழுவதும் அடங்கியிருக்கிறது.

உச்சரிப்பைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஹேவ், ஹேஸ், ஹேட் என்று இங்கே எழுதினாலும் அந்த உயிரொலி ஏ-வும் அல்ல, ஆ-வும் அல்ல. "பேங்க்", "பேக்" என்று சொல்லும்போது வாய் அகலுமே, அந்த ஒலி. இந்த வழிகாட்டியில் ஹேட் என்று வருமிடமெல்லாம் ஹேவ் என்பதன் இறந்தகால வடிவம். வெறுப்பைக் குறிக்கும் சொல் வேறு, அதில் ஏ நீளும்.

படி 1: தமிழ் வாக்கியத்தில் "கு" யாரோடு ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள்

"இருக்கிறது" என்று முடியும் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இருக்கும் பொருளை விட்டுவிட்டு, மற்ற சொல்லில் என்ன உருபு ஒட்டியிருக்கிறது என்று கவனியுங்கள்.

"கு" ஒட்டியிருந்தால் பெரும்பாலும் ஹேவ். "அவளுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது" என்றால் "ஷி ஹேஸ் எ டாட்டர்". நான்காம் வேற்றுமைக்குத் தமிழ் இலக்கணம் சொல்லும் பொருள்களில் முறை என்பதும் ஒன்று. இன்னாருக்கு இன்னார் என்ன உறவு என்று சொல்வது அது. அந்த இடம் முழுவதும் ஆங்கிலத்தில் ஹேவ் எல்லைக்குள் வரும்.

"இடம்" ஒட்டியிருந்தால், பேச்சில் "கிட்ட" என்றால், அதுவும் ஹேவ். "என்னிடம் ஐநூறு ரூபாய் இருக்கிறது" என்பது "ஐ ஹேவ் ஃபைவ் ஹண்ட்ரட் ருப்பீஸ்". "என் ஃபோன் அவரிடம் இருக்கிறது" என்று குறிப்பிட்ட ஒரு பொருளைச் சொன்னாலும் "ஹி ஹேஸ் மை ஃபோன்" என்றே சொல்லலாம். "மை ஃபோன் இஸ் வித் ஹிம்" என்பதும் சரி. நம்மில் பலர் இரண்டாவதை மட்டுமே பயன்படுத்துகிறோம், அது தமிழ் வாக்கியத்தின் வரிசையிலேயே இருப்பதால். முதலாவதைப் பழகிக்கொண்டால் பேச்சு இயல்பாகிவிடும்.

"இல்" ஒட்டியிருந்தால் நிதானியுங்கள். "மேசையில் சாவி இருக்கிறது" என்பதற்கு ஹேவ் வராது, "தேர் இஸ் எ கீ ஆன் தி டேபிள்". மேசைக்கும் சாவிக்கும் உறவு ஒன்றும் இல்லை, சாவி அங்கே கிடக்கிறது, அவ்வளவுதான். "வீட்டில் மூன்று ரூம் இருக்கிறது" என்பதோ வேறு. ரூம் வீட்டின் பகுதி. எனவே "தி ஹவுஸ் ஹேஸ் த்ரீ ரூம்ஸ்" என்றும் சொல்லலாம், "தேர் ஆர் த்ரீ ரூம்ஸ் இன் தி ஹவுஸ்" என்றும் சொல்லலாம். "இல்" போட்ட இடத்தில் "உக்கு" போட்டுப் பாருங்கள். "வீட்டுக்கு மூன்று ரூம்" என்பது தமிழில் ஒலிக்கிறது, அங்கே ஹேவ் பொருந்தும். "மேசைக்குச் சாவி இருக்கிறது" என்றால் பொருளே மாறுகிறது, மேசையைப் பூட்டும் சாவியாகிவிடுகிறது.

"கு" வந்தாலும் ஹேவ் வராத இடங்கள் உண்டு. தமிழ் பேசுபவர்கள் இதில் அதிகம் தடுமாறுவதில்லை, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். "எனக்குப் பசிக்கிறது" என்பது "ஐ ஆம் ஹங்ரி". "எனக்கு இருபது வயது" என்பது "ஐ ஆம் ட்வென்டி". "எனக்குத் தெரியும்", "எனக்குப் பிடிக்கும்" என்பவற்றுக்கு "ஐ நோ", "ஐ லைக்" என்று தனி வினைகள் இருக்கின்றன. "எனக்கு ஒரு டவுட்" என்பதை அப்படியே "ஐ ஹேவ் எ டவுட்" என்றால் நம் நாட்டில் புரிந்துகொள்வார்கள். வெளிநாட்டவர் காதில் அது "நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை" என்பது போல விழும். வகுப்பிலோ மீட்டிங்கிலோ கேள்வி கேட்கத்தான் போகிறீர்கள் என்றால் "ஐ ஹேவ் எ கொஸ்டின்" என்று சொல்லுங்கள்.

நோய்கள் ஹேவ் பக்கம்தான். அங்கே "எ" போடுவதா இல்லையா என்பதுதான் சிக்கல். தலைவலி, சளி, காய்ச்சல், இருமல் இவற்றுக்கு "எ" வேண்டும்: "ஐ ஹேவ் எ ஹெடேக்", "ஷி ஹேஸ் எ கோல்ட்". டயபீடிஸ், மலேரியா, டெங்கு, ஆஸ்துமா போன்ற பெயருள்ள நோய்களுக்கு "எ" கிடையாது.

படி 2: எதோடு எந்த வடிவம்

நிகழ்காலத்தில் ஹி, ஷி, இட் மூன்றுக்கும், ஒருமைப் பெயருக்கும் ஹேஸ். மற்ற எல்லாவற்றுக்கும் ஹேவ். இறந்தகாலத்தில் எல்லோருக்கும் ஹேட். "எவ்ரிஒன்", "எவ்ரிபடி", "நோபடி" மூன்றும் பொருளில் பலரைத் தொட்டாலும் ஒருமைதான், ஹேஸ் போட வேண்டும். "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் ஹேஸ் எ பைக்" என்பதில் ஃப்ரெண்ட்ஸ் பன்மை, வினை ஒருமை. வைத்திருப்பவர் ஒருவர்தானே.

இதுவரை யாரும் தவறு செய்வதில்லை. கேள்வியும் மறுப்பும் வரும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. "டஸ் ஹி ஹேஸ் எ லைசன்ஸ்?", "டிட் யு ஹேட் எனி ப்ராப்ளம்?" என்பவை தினமும் காதில் விழும் தவறுகள். சரியானவை "டஸ் ஹி ஹேவ்", "டிட் யு ஹேவ்". காரணத்தைத் தமிழைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். "வந்தேன், வந்தான், வந்தார்கள்" என்று ஆளுக்கு ஆள் முடிவு மாறுகிறது. மறுப்பில் "நான் வரவில்லை, அவன் வரவில்லை, அவர்கள் வரவில்லை" என்று "வர" அப்படியே நின்றுவிடுகிறது. காலமும் ஆளும் காட்டும் வேலை அதனிடமிருந்து போய்விட்டது. ஆங்கிலத்தில் அந்த வேலையை டஸ், டிட் எடுத்துக்கொள்கின்றன. வேலை இழந்த ஹேவ் வெறும் ஹேவாக நிற்கிறது. வில், மஸ்ட், கேன், மே இவற்றுக்குப் பின்னாலும் இதே கதை: "ஷி வில் ஹேவ்", "ஹி மஸ்ட் ஹேவ்". அங்கே ஹேஸ் ஒருபோதும் வராது.

மறுப்புக்கு இரண்டு வழி: "ஐ டோன்ட் ஹேவ் எனி மணி", "ஐ ஹேவ் நோ மணி". இரண்டையும் கலந்து "ஐ டோன்ட் ஹேவ் நோ மணி" என்று சொல்லக் கூடாது. "ஐ ஹேவ் காட் எ கார்" என்பது பிரிட்டிஷ் பேச்சு வழக்கு, பொருள் ஒன்றே. கேட்கும்போது புரிந்துகொண்டால் போதும், நீங்கள் கட்டாயம் பயன்படுத்த வேண்டியதில்லை.

படி 3: "ஹேவிங்" எப்போது வரலாம்

"ஐ ஆம் ஹேவிங் த்ரீ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்." நேர்முகத் தேர்வுகளில் இந்த வாக்கியம் விழாத நாளே இல்லை. "ஐ ஹேவ் த்ரீ இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்" என்பதுதான் சரி.

இந்தப் பிழைக்குக் காரணம் கவனக்குறைவு அல்ல. பள்ளியில் "படித்துக்கொண்டிருக்கிறேன் என்றால் ஐ ஆம் ரீடிங்" என்று கற்றுக்கொடுக்கிறார்கள். "இருக்கிறேன்" என்று முடிந்தால் ஆம், கூடவே இங் என்று மனம் பதித்துக்கொள்கிறது. பிறகு "கார் வைத்திருக்கிறேன்" என்று நினைக்கும்போது அதுவும் "இருக்கிறேன்" என்றே முடிகிறது. "ஐ ஆம் ஹேவிங் எ கார்" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. தமிழின் "வைத்திரு" நடந்துகொண்டிருக்கும் செயல் அல்ல, ஒரு நிலை. ஆங்கிலம் நிலைக்கு இங் போடாது.

சோதனை எளிது. ஹேவ் இருக்கும் இடத்தில் தமிழில் "இரு" அல்லது "வைத்திரு" வந்தால் இங் கூடாது. சாப்பிடு, குடி, குளி, நடத்து, அனுபவி போன்ற செயல் வந்தால் இங் வரலாம். "வி ஆர் ஹேவிங் லன்ச்" என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். "தே ஆர் ஹேவிங் எ மீட்டிங்" என்றால் மீட்டிங் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். "ஷி ஹேஸ் எ பேபி" என்றால் அவளுக்குக் குழந்தை இருக்கிறது. "ஷி இஸ் ஹேவிங் எ பேபி" என்றால் பிறக்கப்போகிறது. ஒரு இங் விஷயத்தையே மாற்றிவிடும் இடம் இது.

உடல் தொந்தரவில் ஒரு விலக்கு உண்டு. இப்போது, இந்த நிமிடம் நடந்துகொண்டிருக்கும் தொந்தரவைச் சொல்லும்போது ஆங்கிலேயர்களும் இங் போடுவார்கள். "ஐ ஆம் ஹேவிங் செஸ்ட் பெய்ன்" என்று அவசர உதவிக்கு ஃபோன் செய்து சொல்வது முற்றிலும் சரி. "ஐ ஆம் ஹேவிங் டிரபிள் பிரீதிங்" என்பதும் அப்படியே. "ஐ ஆம் ஹேவிங் டயபீடிஸ்" மட்டும் எப்போதும் தவறு, அது நீண்டகால நிலை என்பதால்.

வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் ஹேவிங் வேறு. "ஹேவிங் ஃபினிஷ்ட் தி வொர்க், ஹி லெஃப்ட்" என்பது "வேலையை முடித்துவிட்டுக் கிளம்பினார்". நம் வினையெச்சம் அப்படியே. முடித்தவரும் கிளம்பியவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் இரண்டு மொழிக்கும் பொது. எழுத்தில் நன்றாக இருக்கும், பேச்சில் விறைப்பாகத் தெரியும்.

படி 4: ஹேவ் சேர்ந்தால் செயலாகும் பெயர்கள்

தமிழில் "ஃபோன் பண்ணு", "குளியல் போடு" என்று ஒரு பெயரோடு பொது வினையைச் சேர்ப்பதுபோல ஆங்கிலத்தில் ஹேவ் சேர்ப்பார்கள். "ஹேவ் எ லுக்", "ஹேவ் எ ஷவர்", "ஹேவ் எ ரெஸ்ட்", "ஹேவ் எ டிரை", "ஹேவ் எ சாட்". ஷவர், ரெஸ்ட் போன்றவற்றில் அமெரிக்கர்கள் டேக் போடுவார்கள், இரண்டும் சரி.

உணவில்தான் நமக்குக் கவனம் வேண்டும். "டேக் ஃபுட்" என்பதைவிட "ஹேவ் லன்ச்", "ஹேவ் சம் காபி" இயல்பு. "சாப்டாச்சா?" என்று கேட்க "ஹேவ் யு ஹேட் லன்ச்?" என்று சொல்ல வேண்டும். முதல் ஹேவ் துணைவினை, இரண்டாவது ஹேட் சாப்பிடுவது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருவதால் ஏதோ பிழை என்று நினைத்து ஒன்றை விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. சாப்பாட்டு வேளைகளின் பெயருக்கு முன் "எ" வராது: ஹேவ் பிரேக்ஃபாஸ்ட், ஹேவ் டின்னர். நடுவில் அடைமொழி வந்தால் "எ" வந்துவிடும்: "வி ஹேட் எ ஹெவி லன்ச்".

"ஹேவ் எ வேர்ட் வித் ஹிம்" என்றால் அவரிடம் தனியாக ஒரு நிமிடம் பேசுவது. "ஹேவ் வேர்ட்ஸ் வித் ஹிம்" என்றால் வாய்ச்சண்டை. "ஹேவ் ஆன் ஆப்பரேஷன்" என்றால் ஆப்பரேஷன் செய்துகொள்பவர் நோயாளி. "தி டாக்டர் ஹேட் ஆன் ஆப்பரேஷன் யெஸ்டர்டே" என்றால் டாக்டருக்கே அறுவை சிகிச்சை நடந்தது என்று பொருள்.

படி 5: "வந்திருக்கிறேன்" எல்லாம் "ஹேவ் கம்" அல்ல

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது.

"ஹேவ்" என்ற சொல்லின் பழைய ஆங்கில வடிவம் "ஹப்பன்". அதன் வேர்ப்பொருள் பற்றுதல், கைப்பற்றுதல். லத்தீனில் பிடிப்பதைக் குறிக்கும் "கபெரெ" அதன் உறவுச் சொல். ஒலியில் அச்சாக ஒத்திருக்கும் லத்தீன் "ஹபேரெ"யோ உறவே இல்லை. ஒன்றைக் கையில் வைத்திருப்பதைச் சொன்ன சொல், காலப்போக்கில் செய்து முடித்ததைச் சொல்லும் துணைவினை ஆனது. "எழுதப்பட்ட நிலையில் கடிதத்தை வைத்திருக்கிறேன்" என்பது நாளடைவில் "எழுதியிருக்கிறேன்" ஆயிற்று. தமிழும் இதற்குப் பக்கத்துப் பாதையில் வந்திருக்கிறது. "எழுதி வைத்திருக்கிறேன்", "எழுதியிருக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு பக்கம் என்று தெரியும். இந்த நெருக்கம்தான் நமக்குக் கைகொடுக்கிறது, ஏமாற்றவும் செய்கிறது.

கைகொடுக்கும் இடம்: "அப்பா வந்திருக்கிறார்" என்பது "டாட் ஹேஸ் கம்". அமைப்பு ஹேவ் அல்லது ஹேஸ், அதோடு வினையின் மூன்றாம் வடிவம். கோ, வென்ட், கான் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதில் மூன்றாவது. "ஐ ஹேவ் வென்ட்" தவறு, "ஐ ஹேவ் கான்" சரி.

ஏமாற்றும் இடங்கள் ஐந்து.

முதலாவது, தேதி சொல்லிவிட்டால் ஹேவ் கூடாது. தமிழில் "நேற்றே பணம் கட்டியிருக்கிறேன்" என்று தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் "ஐ ஹேவ் பெய்ட் யெஸ்டர்டே" பிழை. "ஐ பெய்ட் யெஸ்டர்டே" என்றே சொல்ல வேண்டும். யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ, இன் 2019 என முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் எந்தச் சொல்லோடும் நிகழ்கால ஹேவ் சேராது. டுடே, திஸ் வீக், எவர், யெட், ஸோ ஃபார் என இன்னும் முடியாத காலத்தைச் சொல்பவற்றோடு சேரும்.

இரண்டாவது, "வந்திருந்தேன்". "நேற்று உங்க வீட்டுக்கு வந்திருந்தேன்" என்பது தமிழில் ஒரு நாகரிகமான இறந்தகாலம். அதை "ஐ ஹேட் கம் டு யுவர் ஹவுஸ் யெஸ்டர்டே" என்று மாற்றுவது நம் ஊர் ஆங்கிலத்தின் மிகப் பரவலான பழக்கம். கேட்பவர் வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று காத்திருப்பார். ஏனென்றால் ஹேட் போட்டால், அதற்குப் பிறகு நடந்த இன்னொன்று வர வேண்டும்: "வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெய்ன் ஹேட் லெஃப்ட்". நான் போய்ச் சேர்ந்தது இறந்தகாலம், ரயில் கிளம்பியது அதற்கும் முந்தியது. அந்த இரண்டாவது நிகழ்வு இல்லையென்றால் "ஐ கேம் டு யுவர் ஹவுஸ் யெஸ்டர்டே" போதும்.

மூன்றாவது, "போயிருக்கிறார்". "அவர் சிங்கப்பூர் போயிருக்கிறார்" என்றால் இப்போது அங்கே இருக்கிறாரா, எப்போதோ போய் வந்தவரா? தமிழில் சூழலைக் கொண்டு ஊகிக்கிறோம். ஆங்கிலம் பிரித்துவிடும். இன்னும் திரும்பவில்லை என்றால் "ஹி ஹேஸ் கான் டு சிங்கப்பூர்". போய் வந்த அனுபவம் என்றால் "ஹி ஹேஸ் பீன் டு சிங்கப்பூர்". எதிரில் உட்கார்ந்துகொண்டு "ஐ ஹேவ் கான் டு சிங்கப்பூர்" என்று சொல்ல முடியாது.

நான்காவது, தமிழில் நிகழ்காலமாக இருப்பது ஆங்கிலத்தில் ஹேவ் கேட்கும். "பத்து வருஷமாக இங்கே வேலை பார்க்கிறேன்" என்பதை "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்" என்பார்கள். இரண்டு பிழை. "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்" என்று சொல்ல வேண்டும். ஃபாரா, சின்ஸா என்ற குழப்பத்துக்குத் தமிழிலேயே விடை இருக்கிறது. "பத்து வருஷமாக", "மூன்று நாளாக" என்று "ஆக" வந்தால் ஃபார். "2015-லிருந்து", "திங்கட்கிழமையிலிருந்து", "காலையிலிருந்து" என்று "இலிருந்து" வந்தால் சின்ஸ்.

ஐந்தாவது, "வந்திருக்க வேண்டும்". இது இரட்டைப் பொருள் கொண்டது. செருப்பு வாசலில் கிடப்பதைப் பார்த்து "அவன் வந்திருக்க வேண்டும்" என்றால் ஊகம்: "ஹி மஸ்ட் ஹேவ் கம்". வராமல் போனவனைக் குறை சொல்லி "அவன் வந்திருக்க வேண்டும்" என்றால் "ஹி ஷுட் ஹேவ் கம்". மாற்றிச் சொன்னால் வந்தவன் வராதவனாகிவிடுவான். "வந்திருக்கலாம்" என்பதும் அப்படியே. ஒருவேளை வந்திருப்பான் என்றால் "மே ஹேவ் கம்". வாய்ப்பிருந்தும் வரவில்லை என்றால் "குட் ஹேவ் கம்". "சொல்லியிருந்தால் வந்திருப்பேன்" என்பதற்கு "ஐ வுட் ஹேவ் கம் இஃப் யு ஹேட் டோல்ட் மீ". வேகப் பேச்சில் "ஷுட் ஹேவ்" என்பது "ஷுடவ்" என்று கேட்கும். அதை "ஷுட் ஆஃப்" என்று எழுதுவது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே செய்யும் எழுத்துப்பிழை, பார்த்துப் பின்பற்றிவிடாதீர்கள்.

படி 6: "ஹேவ் டு"

"எனக்கு டீ வேண்டும்" என்பதில் வேண்டும் விருப்பம். "நான் பேங்குக்குப் போக வேண்டும்" என்பதில் கடமை. பேச்சில் "போகணும்" என்றால் ஆசையாகவும் இருக்கலாம், கட்டாயமாகவும் இருக்கலாம். ஆசை என்றால் "ஐ வான்ட் டு கோ". கட்டாயம் என்றால் "ஐ ஹேவ் டு கோ". சந்தேகம் வந்தால் "போக வேண்டியிருக்கிறது" என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். பொருந்தினால் ஹேவ் டு. "போக வேண்டிவந்தது" என்றால் "ஐ ஹேட் டு கோ". மஸ்ட் என்பதற்கு இந்தப் பொருளில் இறந்தகாலம் கிடையாது, அங்கே ஹேட் டு மட்டும்தான். உச்சரிக்கும்போது இந்த ஹேவ் "ஹேஃப்டு" என்றே வர வேண்டும், வ் ஒலி ஃப் ஆகிவிடும்.

மறுப்பு இங்கே ஆபத்தானது. தமிழில் "நாளை வர வேண்டாம்" என்றால் தடையும் ஆகலாம், சலுகையும் ஆகலாம். ஆங்கிலத்தில் "யு டோன்ட் ஹேவ் டு கம் டுமாரோ" என்றால் வரத் தேவையில்லை, வந்தாலும் பரவாயில்லை. "யு மஸ்ட் நாட் கம் டுமாரோ" என்றால் வரவே கூடாது. ஆஃபீஸ் மெயிலில் இரண்டாவதை நினைத்து முதலாவதை எழுதினால், வரக் கூடாதவர் மறுநாள் வந்து நிற்பார்.

"ஹேட் பெட்டர்" என்பதில் ஹேட் இருந்தாலும் இறந்தகாலம் இல்லை. "யு ஹேட் பெட்டர் சைன் திஸ்" என்றால் "கையெழுத்துப் போட்டுவிடுவது நல்லது, இல்லாவிட்டால்…" என்று ஒரு மிரட்டல் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலதிகாரியிடமும் வாடிக்கையாளரிடமும் இதைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 7: நீங்கள் செய்யாமல் செய்வித்தவை

"நேற்று முடி வெட்டினேன்." வெட்டியவர் சலூன்காரர். தமிழில் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "ஐ கட் மை ஹேர்" என்றால் கத்தரியை நீங்களே எடுத்தீர்கள் என்றுதான் ஆங்கிலத்தில் நினைப்பார்கள். "ஐ ஹேட் மை ஹேர் கட்" என்று சொல்ல வேண்டும். தமிழில் "செய்வி", "கட்டுவி" என்று பிறவினை இருந்தது. இன்று "தைக்கக் கொடுத்தேன்", "செய்யச் சொன்னேன்" என்று சுற்றிப் பேசுகிறோம், அல்லது நேராக நாமே செய்ததுபோல் சொல்லிவிடுகிறோம். அதனால்தான் இந்த ஹேவ் நம் நாக்கில் வருவதே இல்லை.

அமைப்பு இரண்டு. பொருள் முன்னே வந்தால்: ஹேவ், பிறகு பொருள், பிறகு மூன்றாம் வடிவம். "வி ஹேட் தி ஹவுஸ் பெயின்டட்." ஆள் முன்னே வந்தால்: ஹேவ், பிறகு ஆள், பிறகு வினையின் முதல் வடிவம். "ஐ வில் ஹேவ் தி எலக்ட்ரிஷியன் செக் இட்." இங்கே "டு" சேராது.

வரிசையை மாற்றினால் பொருள் கவிழ்ந்துவிடும். "ஐ ஹேட் பெயின்டட் தி ஹவுஸ்" என்றால் அதற்கு முன்பே நானே பெயின்ட் அடித்திருந்தேன். "ஐ ஹேட் தி ஹவுஸ் பெயின்டட்" என்றால் ஆள் வைத்து அடித்தேன். ஒரு சொல் இடம் மாறியதில் பிரஷ் கை மாறிவிட்டது.

ஆள் வரும் அமைப்பில் அதிகாரம் தொனிக்கும். உங்கள் உதவியாளரைப் பற்றிச் சொல்லலாம். "ஐ ஹேட் மை மேனேஜர் சைன் திஸ்" என்றால் மேனேஜருக்கு நீங்கள் உத்தரவு போட்டதுபோல் இருக்கும். கேட்டு வாங்கினீர்கள் என்றால் "ஐ காட் மை மேனேஜர் டு சைன் திஸ்" என்று கெட் போடுங்கள். அதில் "டு" வரும். பொருள் முன்னே வரும் அமைப்பு விரும்பாமல் நேர்ந்த இழப்புக்கும் வரும்: "ஷி ஹேட் ஹெர் பேக் ஸ்டோலன்", அவளுடைய பை திருட்டுப்போய்விட்டது.

படி 8: சுருக்கங்களைக் காதால் பிரிப்பது

பேச்சில் ஹேவ் "வ்" ஆகவும், ஹேஸ் "ஸ்" ஆகவும், ஹேட் "ட்" ஆகவும் சுருங்கிவிடும். "ஹீஸ்" என்று கேட்டால் ஹி இஸ்ஸா, ஹி ஹேஸா? அடுத்த சொல்லைக் கேளுங்கள். "ஹீஸ் கோயிங்" என்றால் இஸ். "ஹீஸ் டேக்கன்" போன்றவற்றில் பின்னால் ஒரு பொருள் வந்தால் ஹேஸ்: "ஹீஸ் டேக்கன் மை பென்". "ஐட்" என்று கேட்டால் ஐ ஹேடா, ஐ வுட்டா? அடுத்து முதல் வடிவம் வந்தால் வுட், மூன்றாம் வடிவம் வந்தால் ஹேட். "பெட்டர்" வந்தால் அது எப்போதும் ஹேட். பலர் அந்த "ட்" ஒலியையே விட்டுவிடுவார்கள். "என்னிடம் இருக்கிறது" என்ற பொருளில் வரும் ஹேவை மட்டும் சுருக்காதீர்கள். "ஐவ் எ கார்" என்று இன்று அபூர்வமாகத்தான் பேசுகிறார்கள்.

சரிபார்த்துக்கொள்ள

கீழே உள்ளவற்றை விடையைப் பார்க்காமல் முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

"அவருக்கு ஷுகர் இருக்கு." விடை: ஹி ஹேஸ் டயபீடிஸ்.

"எங்க ஊரில் ரயில்வே ஸ்டேஷன் இல்லை." விடை: தேர் இஸ் நோ ரயில்வே ஸ்டேஷன் இன் அவர் டவுன். ஸ்டேஷன் ஊரின் பகுதி என்பதால் "அவர் டவுன் டஸன்ட் ஹேவ் எ ரயில்வே ஸ்டேஷன்" என்பதும் சரி.

"ஃபோனைக் கடையில் கொடுத்து ரிப்பேர் பண்ணிட்டேன்." விடை: ஐ ஹேட் மை ஃபோன் ரிப்பேர்ட்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே!" விடை: யு குட் ஹேவ் டோல்ட் மீ எர்லியர்.

"மூணு நாளா காய்ச்சல்." விடை: ஐ ஹேவ் ஹேட் எ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ். "ஆக" வந்ததால் ஃபார். முதல் ஹேவ் துணைவினை, ஹேட் காய்ச்சல் "இருப்பதை"ச் சொல்வது.

"போன மாசம் திருப்பதி போயிருந்தோம்." விடை: வி வென்ட் டு திருப்பதி லாஸ்ட் மன்த். இதில் ஹேவ், ஹேட் எதுவுமே கிடையாது.